குழல் இல்லாத பாட்டுப்பெட்டி

அந்த மேடம் யார் என்பது ஒருவழியாகத் தெரிந்துவிட்டது.

போன வாரம் முழுக்க ஊசிக்காரம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த மேடம். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோதுதான் அவள் அதைக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரிங்க மேடம், நேர்லயே வந்துடறேன் மேடம், நேர்ல பேசினாத்தான் நமக்குச் சரி வரும் மேடம்" என்று குழைந்துகொண்டிருந்தார்.

கல்யாணமான பெண்ணுக்குச் சந்தேகம் வர இதைவிட என்ன வேண்டும்?

வாரக் கடைசியில் கேட்டேவிட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு போனை நீட்டினார். அதில் பெண் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெட்டிகள். மூடி திறந்த மரப்பெட்டி, கைப்பிடி வைத்த பெட்டி, பெரிய ஊமத்தம்பூவைப் போல் பித்தளைக் குழல் விரிந்த பெட்டி.

"கிராமபோன்" என்றார். "சாவி கொடுத்தா பாடும். கரண்டே வேண்டாம். அந்த மேடம் வீட்ல நிறைய இருக்கு, விக்கறாங்க. ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கறேன்."

இத்தனை வருஷத்தில் தனக்கென்று அந்த மனிதர் ஆசைப்பட்டுக் கேட்ட பொருள் ஒன்று உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். செருப்பு அறுந்தால்கூட அவளாகப் பார்த்து வாங்கித் தந்தால்தான் உண்டு. அதற்காகச் சந்தோஷப்படுவதா, இந்த வயதில் இது என்ன கூத்து என்று சண்டை போடுவதா? இரண்டுக்கும் அவளுக்குத் தெம்பில்லை.

"புதன்கிழமை எனக்கு அரை நாள்தான். நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை இதுதான்.

ஊசிக்காரம்மா என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடியற்காலையில் கதவு திறக்கும்போதே வரிசை நிற்கும். எல்லாரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். பசித்த மனிதர்களின் முகத்தை நாள் தவறாமல் பார்த்து, அவர்கள் கையைத் தட்டித் தடவி நரம்பைத் தேடி ஊசி போடுவதுதான் அவள் வேலை. வலித்தால் அவளைத்தான் முறைப்பார்கள். வலிக்காவிட்டால் யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்றைக்கும் நண்பகல் வரை நின்றாள். வெளியே வந்தபோது இடுப்பு இரண்டாக ஒடிந்துவிடும்போல இருந்தது. வாசலில் கொழுந்தனின் வேன் நின்றது. முன்சீட்டில் கொழுந்தன், பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் பழைய போர்வைகளுக்கு நடுவே அவள் வீட்டுக்காரர். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி சட்டை இஸ்திரி போட்டிருந்தார்.

"ஏறுங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "அண்ணன் காலையில இருந்து சாப்பிடல. சம்பந்தி வீட்டுக்குப் போற பயம்."

கொழுந்தனுக்கு எல்லாமே தமாஷ். சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு, அண்ணன் வேலை செய்யும் அதே பம்ப் தொழிற்சாலையின் சரக்கை ஊர் ஊராக இறக்கிவிட்டு வருகிறவன்.

"லீவு சொல்லிட்டீங்களா?" என்று அவள் பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"ம்" என்றார் வீட்டுக்காரர்.

இந்த 'ம்' இருக்கிறதே, அதுதான் இப்போதெல்லாம் அந்த வீட்டின் பேச்சு. மகள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். சாப்பிட வரீங்களா? ம். கேஸ் தீர்ந்துபோச்சு. ம். எனக்கு முதுகு வலிக்குது. ம். ஆரம்பத்தில் அவள் சண்டை போட்டாள். அப்புறம் முணுமுணுத்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். சுவரோடு பேசினால் வாய்தான் வலிக்கும்.

இத்தனைக்கும் காது விஷயத்தில் தொழிற்சாலையே கும்பிடு போடுகிற ஆள் அவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ஸ்டெதாஸ்கோப். தயாராகி வருகிற ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டு, சத்தத்தை வைத்தே உள்ளே பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காது, பெண்டாட்டி பேசினால் மட்டும் மூடிக்கொள்கிறதே என்பதுதான் அவளுடைய வருத்தம்.

மேடத்தின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் ஊசிக்காரம்மாவுக்கு மனதிலிருந்த கடைசிக் கசடும் கரைந்துபோனது. நரைத்த தலை, தொளதொள உடுப்பு, அதில் அங்கங்கே தூசி, கையில் பெட்டி ஒட்டுகிற டேப். வீடு மாற்றுகிற களைப்பு முகத்தில் அப்பியிருந்தது.

"வாங்க, பார்த்து வாங்க. கால் வைக்க இடம் இருந்தா வைங்க."

மேடம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூடத்தில் நாற்காலி போடும் இடம் தவிர மற்றதெல்லாம் கிராமபோன். சாப்பாட்டு மேஜைமேல், அதற்கு அடியில், ஜன்னல் மேடையில், பீரோவின் தலையில். சிலவற்றுக்குக் கைப்பிடி இல்லை, சிலவற்றுக்கு மூடி இல்லை. பழைய எண்ணெயும் மரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

"எங்க வீட்டுக்காரர் சேர்த்தது. அவர் போய்ச் சேர்ந்துட்டார், இதுங்க இருக்கு" என்றாள் மேடம். "குளியலறைப் பரண்ல மட்டும் மூணு இருந்துச்சுன்னா பார்த்துக்கோங்க. தலைக்கு மேல எப்ப விழுமோன்னு பயந்துக்கிட்டே குளிச்சிருக்கேன். பொண்ணு வீட்டுப் பக்கத்துல ரெண்டு ரூம் எடுத்திருக்கேன். நான் கையை வீசிட்டுப் போகப்போறேன்."

கொழுந்தன் நேராகப் போய் பித்தளைக் குழல் வைத்த ஒன்றின் முன் நின்றான். முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு.

"அண்ணே, இதை எடு. வீட்டுக்கு வர்றவன் வாயைப் பொளந்துடுவான்."

"வாங்கறவங்களும் அப்படித்தான் வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க" என்றாள் மேடம். "அது ஒட்டுப் போட்டது தம்பி. பெட்டி ஒரு மெஷினோடது, மோட்டார் இன்னொண்ணோடது, குழல் புதுசா தட்டினது. பழசுன்னு சொல்லித் தலையில கட்டிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் முதன்முதல்ல வாங்கி ஏமாந்தது அதுதான். அந்த ரோஷத்துலதான் மீதி எல்லாத்தையும் வாங்கினார்."

வீட்டுக்காரர் குழலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த ஒரு பெட்டியின் முன்னால் ஏற்கெனவே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். குழலே இல்லாத சாதாரண மரப்பெட்டி. மேலே மூடி, பக்கத்தில் கைப்பிடி, முன்புறம் சின்னதாக இரட்டைக் கதவு.

"இதுக்குக் குழல் உள்ளேயே இருக்கு" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. "கதவைத் திறந்தா சத்தம் ஜாஸ்தி, மூடினா கம்மி. ஒரு பாகம்கூட மாத்தல. கத்துக்குட்டி முதல்ல இப்படி ஒண்ணைத்தான் வாங்கணும்."

அவர் கைப்பிடியைப் பதமாகச் சுற்றினார். உள்ளே ஸ்ப்ரிங் முறுக்கேறுகிற கரகரப்பு. கை கனக்கிற அளவு முறுக்கேறியதும் நிறுத்தி, மேடத்திடம் கையை நீட்டினார். மேடம் ஒரு சின்னத் தகர டப்பியிலிருந்து ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இங்கயும் ஊசியா?" என்றாள் ஊசிக்காரம்மா.

"ஒரு பக்கம் பாடினதும் தூக்கிப் போட்டுடணும்மா. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டா பாட்டுத் தட்டைச் சுரண்டிடும்."

"எங்க லேப்லயும் அதே சட்டம்தான்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

கனத்த கறுப்புத் தட்டு சுழன்றது. கொதிக்கிற எண்ணெயில் எதையோ போட்டதுபோல ஒரு பொரிகிற சத்தம், அதற்கு அடியிலிருந்து ஒரு பெண்குரல். என்ன பாஷையென்று யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ பாடிவிட்டுப் போய்விட்ட ஒருத்தி, கரண்டும் இல்லாமல் கம்பியும் இல்லாமல், இந்தக் கூடத்தில் நின்று தொண்டையைத் திறந்து பாடினாள். 

பாட்டு முடிந்ததும் மேடம், "வாங்கம்மா, உள்ள ஒரு கை கொடுங்க. இதுக்கு ரெக்கார்டு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்" என்று அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

சமையலறை ஓரத்தில் ஒரு மடக்குக் கட்டில் கிடந்தது.

"என்ன பார்க்கறீங்க? நான் தூங்கற இடம். மத்த ரூமெல்லாம் மெஷின் தூங்குச்சு" என்றாள் மேடம். பாட்டுத் தட்டுகளைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டே பேசினாள். "ஒண்ணே ஒண்ணுன்னுதான் ஆரம்பிக்கும். நல்ல மனுஷன்தான் அவர், குடி இல்ல, வேற கெட்ட பழக்கம் இல்ல. ஆனா கால் நீட்டிப் படுக்க எனக்கு ஒரு இடம் விடல. உங்க வீட்டுக்காரரைப் பார்த்தா எனக்குப் பயமாத்தான் இருக்கு. அதே பார்வை. இது ஒண்ணோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

"நான் சொல்றேன். அவர் கேக்கணுமே."

"அதுவும் சரிதான். வாரம் பூரா காலையில வந்து உக்காந்துடறாரே, வேலைவெட்டி இல்லாதவரோன்னு நினைச்சேன்."

தட்டைச் சுற்றிக்கொண்டிருந்த ஊசிக்காரம்மாவின் கை நின்றது.

"வாரம் பூராவா?"

"ஆமா. நேத்து வந்தார், முந்தாநாள் வந்தார். போன வாரமும்தான். சாப்பாட்டு டப்பாவோட வருவார், மதியம் இங்கேயே சாப்பிடுவார். வாடகையில்லாத துணைன்னு நானும் விட்டுட்டேன். என்னம்மா, உக்காருங்க, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு!"

அவள் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்தாள். காலையில் அவள்தான் அந்த டப்பாவைக் கட்டிக் கொடுக்கிறாள். எழுந்து, கட்டி, கையில் கொடுத்து, அவர் தொழிற்சாலைப் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் தானும் கிளம்புகிறாள். நேற்றும் கட்டிக் கொடுத்தாள். முந்தாநாளும்.

காதும் காதும் வைத்தமாதிரி என்ன ஒரு நாடகம்!

கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைக்கப்போகிற நேரத்தில் அதன்மேல் இன்னொரு மூட்டையை யாரோ ஏற்றிவிட்டதுபோல் இருந்தது.

"நான் பேசிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

கொழுந்தன் வேனில் இடம் ஒதுக்கப் போயிருந்தான். கூடத்தில் வீட்டுக்காரர் மட்டும் தனியாக, அவளுக்கு முதுகைக் காட்டியபடி மண்டியிட்டிருந்தார். பெட்டி மறுபடி பாடிக்கொண்டிருந்தது. முன்கதவுகளையும் மேல்மூடியையும் மூடியிருந்தார். பாட்டு எங்கோ அடுத்த தெருவில் கேட்பதுபோல் மெலிந்து கேட்டது.

அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதன் நுனியைப் பெட்டியின் மரத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் பம்பைச் சோதிப்பதும் இப்படித்தான். அதில்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது. கண்ணை மூடி, தாளத்துக்குத் தப்பாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க, உங்களைத்தான்."

தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

அவள் இரண்டடி கிட்டே போனாள். "வீடு பத்திக்கிட்டு எரியுது" என்றாள்.

ஒன்றுமில்லை.

அவள் அப்படியே நின்றாள். சாப்பிட வரீங்களா, ம். கேஸ் தீர்ந்துபோச்சு, ம். எனக்கு முதுகு வலிக்குது, ம். ஒவ்வொரு 'ம்'மும் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றது. போனைக் காதில் அழுத்தியதும், நேரில் பேசினால்தான் சரி வரும் என்றதும், கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்வதும், டிவியை வைத்துக்கொண்டு எழுத்து ஓடுகிற செய்தியை மட்டும் பார்ப்பதும்.

அடக் கடவுளே. இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை.

ரத்தக் குழாயை விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் படுத்திருக்கிற ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத் தவறியிருக்கிறாள்.

தோளைத் தொட்டாள். அவர் பதறித் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரை மறைக்கப் போனார். பிறகு மறைக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள், முகத்துக்கு நேராக.

அவர் தரையைப் பார்த்தார். "ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும். இடது பக்கம் முதல்ல. அப்புறம் இதுவும். வலது கொஞ்சம் தேவலை."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயே லேப்ல இருந்து பிணம் மாதிரி வந்து விழற. உன் தலையில இதையும் எதுக்குக் கட்டறது?" அவர் நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதோட நீ எங்கிட்டப் பேசறதையே விட்டுட்ட. ஏதோ கோபம்னு நினைச்சேன். கேக்க பயமா இருந்துச்சு."

"நானா விட்டேன்? நீங்க 'ம்'முனு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா? நான் பேசறதே உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டேன்!"

"நீ மெதுவாப் பேசின. எனக்கு விழல. என்ன கேட்டன்னு தெரியாம எதுக்கும் ஒரு 'ம்' போட்டுடுவேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் முழுசாக, ஒரே கூரைக்குக் கீழே, ஒருவர் மீது ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போகாதது தெரிஞ்சுபோச்சு" என்றாள் அவர் வலது காதருகில்.

"மேடம் சொல்லிட்டாங்களா?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன மாசமே சோதனை மேஜைக்கு அதிர்வைப் பார்க்கற மெஷின் ஒண்ணு கொண்டு வந்தாங்க. பம்ப்மேல ஒட்டி வச்சா நம்பர் காட்டும். ஸ்க்ரூ டிரைவரெல்லாம் இனிமே வேண்டாம், சத்தத்தை வெறும் காதால கேட்டுட்டு, அதோட அந்த நம்பரையும் எழுதுங்கன்னுட்டாங்க. காதால கேக்க எங்க போறது? நான் சரின்னு விட்ட பம்ப் ரெண்டு மூணை அடுத்த மேஜைப் பொண்ணு கோளாறுன்னு திருப்பி வச்சா. பாவம், யார்கிட்டயும் சொல்லல. எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல ஆயிடுச்சு. மறுநாள் கிளம்பினேன், கேட் வரைக்கும் போனேன், உள்ள போக கால் வரல."

"அதான் இங்க வந்தீங்களா?"

"இருக்கற காதும் கொஞ்ச நாள்ல போயிடும். அதுக்குள்ள ஒரு நல்ல சத்தத்தை ஆசை தீரக் கேட்டுடலாம்னு" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்தது தனக்கே கேட்டிருக்காது போல, அப்படியே தொடர்ந்தார். "இந்தப் பெட்டி எனக்குக் கேக்குது. கதவை மூடினாலும் கேக்குது. மரத்துல இதை வச்சா அந்தம்மா மூச்சு விடறதுகூடக் கேக்குது."

ஊசிக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மறுபடி சொல்லுங்க. மூச்சு விடறதுகூடவா?"

"ஆமா. பழைய மாதிரியே. தெளிவா."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான்."

அவள் லேப் இருக்கிற கட்டடத்தில்தான் காது மூக்கு தொண்டை டாக்டரும் இருக்கிறார். டாக்டரின் நர்ஸோடு அவள் டீ குடிக்காத நாள் கிடையாது. அந்த நர்ஸ் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு முதலில் காதுக்கு வெளியே பிடிப்பாராம், பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பாராம். வெளியே கேட்காமல் எலும்பில் நன்றாகக் கேட்டால் டாக்டர் முகம் மலர்ந்துவிடுமாம்.

அவள் பெட்டிக்குச் சாவி கொடுக்கச் சொன்னாள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப கேக்குதா?"

"ஏதோ இரைச்சல். அவ்வளவுதான்."

ஸ்க்ரூ டிரைவரை மரத்தில் ஊன்றி, அவர் தலையைப் பிடித்துத் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் எலும்பில் தானே அழுத்தினாள். "இப்ப?"

"பாட்டு" என்றார். "பின்னால யாரோ பிடில் வாசிக்கறாங்க."

அவள் குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தாள். "இங்க பாருங்க. நான் டாக்டர் இல்ல. ஆனா நரம்பு செத்துப்போயிருந்தா எலும்புல வச்சாலும் இப்படிக் கேக்காது. சத்தம் உள்ள போற வழியிலதான் எங்கயோ அடைப்போ கோளாறோ இருக்கு. அது சரி பண்ற கோளாறா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட முதல் ஆள் நீங்கதான். புரிஞ்சுதா? 'ம்'முனு சொன்னீங்க, நடக்கறதே வேற."

அவர் 'ம்' சொல்லவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருந்த அவள் கையை அப்படியே தன் தலையோடு அழுத்திக்கொண்டார். பாட்டு ஓய்ந்து, தட்டு தானாக வேகம் குறைந்து நிற்கும்வரை விடவில்லை.

சமையலறை வாசலில் மேடம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஒன்றும் கேட்காமல் ஊசி டப்பிகளை அள்ளி ஊசிக்காரம்மாவின் கைப்பையில் போட்டாள். "இன்னொண்ணு வேணும்னு எப்பவாவது வந்தா, சமையலறைக் கட்டிலைப் பத்தி நீங்களே அவருக்குச் சொல்லுங்க" என்றாள்.

பெட்டி கனத்தது. கொழுந்தனும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சந்து முழுக்க நடந்தார்கள். போர்வை சுற்றி வேனில் ஏற்றியதும், ஆடாமல் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரர் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

வேன் பெரிய ரோட்டில் ஏறியது. இவ்வளவு நேரம் கொழுந்தன் ஒரு தமாஷும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணன் வேலைக்குப் போகலைன்னு உனக்குத் தெரியும்தானே?" என்றாள்.

அவன் ரோட்டையே பார்த்தான். "சரக்கு ஏத்தப் போறவன் அண்ணி. தெரியாம இருக்குமா? அண்ணன் உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"பரவாயில்ல. காதைச் சரி பண்ணிட்டு வேலைக்குப் போகட்டும். லீவுதானே போட்டிருக்காரு?"

கொழுந்தன் வேனை ஓரம் கட்டினான்.

"லீவு இல்ல அண்ணி. வேலையை விடறேன்னு எழுதி அனுப்பிட்டாரு. முதலாளி வெளியூர்ல இருந்தாரு, இன்னிக்குத்தான் திரும்பி வர்றாரு. வந்ததும் கையெழுத்துப் போட்டுடுவாருன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

ஊசிக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், காலைக் கொஞ்சம் வெந்நீரில் வைத்துவிட்டு, விளக்குப் போடுகிற நேரம் வரை படுத்திருக்கலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தாள்.

"வண்டியைத் திருப்பு."

"இப்பவா? பெட்டி இருக்கே அண்ணி."

"பெட்டியும் வரட்டும்."

வேன் திரும்பியதும் பின்னாலிருந்து வீட்டுக்காரர் தகரத் தடுப்பைத் தட்டினார். "எங்கடா போறோம்?"

அவள் தடுப்பிலிருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகத் திரும்பி, அவர் படிக்கும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "ஃபாக்டரிக்கு."

அவர் முகம் சுண்டிப்போனது. தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொழிற்சாலை கேட்டில் காவல்காரர் வேனை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே வந்தார். உள்ளே அவளைப் பார்த்ததும் சிரிப்பு குழப்பமானது.

"முதலாளியைப் பார்க்கணும்" என்றாள் அவள். "டெஸ்டிங்ல இருக்கற ஸ்டெதாஸ்கோப்போட வீட்டுக்காரி வந்திருக்கேன்னு சொல்லுங்க."

"என்னம்மா, நீங்க இங்க வந்திருக்கீங்க? அவர் உங்க வீட்டுக்குத்தானே கிளம்பிப் போனாரு!"

"எங்க வீட்டுக்கா? எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வந்ததும் வராததுமா ஏதோ காகிதத்தைப் படிச்சாரு, டெஸ்டிங்ல இவர் பக்கத்து மேஜைப் பொண்ணைக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே கார்ல போனாங்க. அந்தப் பொண்ணு அழுத கண்ணோட போச்சு."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கேட்டைப் பார்த்தாள். வீட்டில் பூட்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்நேரம் வாசலுக்கு வந்திருப்பார்கள். அடுத்த மேஜைப் பெண் ஏன் அழ வேண்டும்? தான் திருப்பி வைத்த பம்புகளால்தான் அவர் போய்விட்டார் என்று அழுகிறாளோ, கையெழுத்துப் போடுகிற எண்ணமிருந்தால் முதலாளி வீடு தேடிப் போவானேன்?

"வீட்டுக்கே போ. வேகமாப் போ" என்றாள்.

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். சுற்றிக்கொண்டு பின்னால் போய், சாமான் இடத்தில் ஏறினாள். போர்வை சுற்றிய பெட்டிக்கு ஒரு பக்கம் அவர் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"காவல்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் விழல."

அவள் அவருக்கு வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டி குலுங்கியபோது பெட்டியை ஒரு கையாலும், அவர் தோளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுக்க வலித்தது. ஆனாலும் அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.